ஐயா கால்

"அப்பா, கிட்ட வராதீங்க! அங்கயே நில்லுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு அடி கூட எடுத்து வெக்காதீங்க!"

சுகிர்தா போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டுச்சு. ஆனா அவ அதை நின்னுட்டுச் சொல்லலை, தரையில கெடந்து சொன்னா. கரும்புச் சக்கைக்கும் நசுங்குன தண்ணி பாக்கெட்டுக்கும் நடுவுல, பெத்த அப்பனோட பாதத்துல நெத்தி படற மாதிரி, குப்புற.

மண்டபத்து வாசல்ல ஒரு தடவை விழுந்தாச்சு. பெட்டிக்கடை முன்னாடி இன்னொரு தடவை. இப்போ இங்க. வலது முட்டி தன்னால மடங்குது, குதிகால் பின்னாடி இருந்து ஒரு உந்து உந்துது, உடம்பு அப்படியே முன்னால போயி அப்பா கால்ல விழுந்துருது. எந்திரிச்சுக் கொஞ்சம் தள்ளி நின்னா ஒண்ணும் இல்ல. அவரு பாவம், புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சேன்னு தூக்கி விடக் கிட்ட வர்றாரு. வந்தா மறுபடியும் டமார்.

அவ அப்பா சென்னியப்பனுக்குக் கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறுற வேலை. வேட்டியில சாம்பார் கறை, கையில மிச்ச ரசம் ஊத்துன தூக்குப்போசி. அவருக்கு இதுல புரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்.

"பரிச்சை வருதுன்னு பயமா கண்ணு?" தலையில கைய வெச்சாரு. "நல்லா இரு. நல்லாப் படி. இதையேதான் ஏற்கெனவே சொல்லிட்டனே, இன்னும் என்னத்தைப் புதுசாச் சொல்றது?"

"நான் வேணும்னு விழலீங்கப்பா! காலு விழுகுது!"

"காலு எப்படிக் கண்ணு தனியா விழுகும்?"

அவ பதில் சொல்றதுக்குள்ள டவுன் பஸ் வந்து நின்னுச்சு. டிரைவர் இல்லாம பஸ்ஸு தானா ஓட ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு, ஆனா சில்லறைக்குச் சண்டை போட இன்னும் ஒரு மனுசன் தேவைப்படுது. அந்த மனுசன் கண்டக்டர் குழந்தைவேலு. வாயில விசிலோட படியில தொங்கிட்டு வந்தவரு, சென்னியப்பன் ஏறலாம்னு கிட்டப் போன அடுத்த நொடி, படியில இருந்து அப்படியே பேந்து அவரு கால்ல விழுந்தாரு. டிக்கெட் மெஷின் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். விழுந்த வேகத்துல விசில் பீய்ன்னு ஊதிருச்சு. பஸ்ஸு விசிலுக்கு மட்டும்தான் கட்டுப்படும். அது கண்டக்டரை விட்டுட்டுக் கெளம்பிப் போயிருச்சு.

"என்னோட பஸ்ஸு!" குழந்தைவேலு அங்க கெடந்தே கத்துனாரு. "யோவ், உங்க கால்ல நான் ஏன்யா விழுந்தேன்? நீங்க யாருய்யா?"

"நான் பந்தி பரிமாறுறவனுங்க."

கூட்டம் கூடிருச்சு. ஒரு சின்னப் பொண்ணு, ஒரு கவர்மெண்ட் கண்டக்டர், ரெண்டு பேரும் ஒரே ஆளு கால்ல விழுந்து கெடந்தா ஊரு என்ன நினைக்கும்? பூக்காரம்மா கூடையை எறக்கி வெச்சுட்டுக் கும்புட்டுச்சு.

"சாமி, எம்பட பையனுக்குக் கண்ணாலம் எப்போங்க கூடி வரும்?"

சென்னியப்பனுக்கு யாரு என்ன கேட்டாலும் மரியாதையாப் பதில் சொல்லிப் பழக்கம். "ஆவணியில பாருங்கம்மா. ஆடியில மண்டபம் எல்லாம் சும்மாதான் கெடக்கும்"ன்னாரு.

"ஆவணின்னு வாக்குச் சொல்லிருச்சு!" பூக்காரம்மா கன்னத்துல போட்டுக்குச்சு. அதுக்குள்ள இன்னொருத்தரு போசியில இருந்த ரசத்தை உள்ளங்கையில வாங்கித் தலையில தடவிக்கிட்டாரு.

சுகிர்தா எந்திரிச்சா. "ஓடுங்கப்பா"ன்னா. "நீங்க முன்னால ஓடுங்க. நான் தள்ளி வர்றேன்."

அவரு வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனாரு. மூஞ்சி வாடிப் போச்சு. பொண்ணு வளந்துட்டா, சாம்பார் வாசம் அடிக்கிற அப்பன்கூட நடக்க வெக்கப்படறான்னு நினைச்சுட்டாரு போல. அதைப் பாக்கப் பாக்க அவளுக்கு அழுகையா வந்துச்சு. ஆனா கிட்டப் போனா விழணுமே.

அந்த வலது காலைப் பத்திச் சொல்லிடணும். அது அவளோட பொறந்த காலு இல்ல. எட்டாவது படிக்கிறப்ப ஒரு மினி வேன் பின்னால எடுத்துச்சு, அதுல போனது. முட்டிக்கு மேல வரைக்கும் எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவளுக்கு உலகம்னா கட்டிலு, கட்டிலை விட்டா கக்கத்துல ஊனிக்கிற கக்கட்டை. அப்பா ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போவாரு. பத்தாவதுல வந்து சேந்துச்சு ஐயா கால்.

ஐயான்னா தெய்வசிகாமணி ஐயா. நாமக்கல் பக்கம் பாதிக் கோழி அவரு கோழி. சுத்துப்பட்டுல யாரு ஆம்லெட் போட்டாலும் அவருக்கு ஒரு பங்கு போகும். ஆனா ஆளைப் பாத்தா அப்படித் தெரியாது. கதர் சட்டை, நாலு முழ வேட்டி, கால்ல நீல வாரு போட்ட சாதா ரப்பர் செருப்பு. ஃப்ளெக்ஸ்ல எல்லாம் 'எளிமையின் சிகரமே'ன்னு அந்தச் செருப்பை மட்டும் தனியா வட்டம் போட்டு அச்சடிச்சிருப்பாங்க. அவரு அறக்கட்டளையில காலில்லாதவங்களுக்கெல்லாம் மூளை வெச்ச காலு இலவசமாக் குடுத்தாங்க. நினைச்சா நடக்கும், படி ஏறும், ஓடும், சைக்கிள் மிதிக்கும். கெண்டைக்கால்ல மட்டும் கோயில் டியூப் லைட்ல எழுதுற மாதிரி செவப்பு எழுத்துல 'உபயம்: கொடைவள்ளல் தெய்வசிகாமணி'ன்னு பெருசா எழுதியிருக்கும். அவ சாக்ஸை மேல வரைக்கும் இழுத்து விட்டுக்குவா. அதுனால என்ன, காலு காலுதானே. சொந்தமா ஸ்கூலுக்கு நடந்தா. கடைக்கு ஓடுனா. அப்பா முதுகு நிமிந்துச்சு.

காலு வாங்குன அன்னைக்கு மேடையில அவ ஐயா கால்ல தொபுக்குனு விழுந்தா. "இந்த வயசுல என்ன பணிவு பாத்தீங்களா!"ன்னு மைக்ல சொன்னாங்க, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அவளுக்கு மட்டும் தெரியும், அது பணிவு இல்ல, தடுக்கி விழுந்துட்டோம்னு. அதை யார்கிட்டயும் சொல்லலை. அவமானம் இல்லையா? ஐயா எதிர்ல வர்றப்பல்லாம் அவ தடுக்கி விழுந்துட்டுத்தான் இருந்தா. காலு வாங்குன எல்லாரும் விழுந்தாங்க. எல்லாரும் அவங்கவங்க தனித்தனியாத் தடுக்கி விழுந்ததா நினைச்சுக்கிட்டு வாயை மூடிட்டு இருந்திருக்காங்கன்னு அப்போ அவளுக்குத் தெரியாது.

வீடு வந்து சேந்தாச்சு. அம்மா சித்தி ஊருக்குப் போயிருந்தாங்க. சென்னியப்பன் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயி மூலையில உக்காந்துட்டாரு. தள்ளியே இருக்கணும்னு கொல்லைப்பக்கமா உள்ள வந்த சுகிர்தா, பயந்து பயந்து பக்கத்துல போனா. விழலை. இன்னும் கிட்டப் போனா. விழலை. அவரு தோள்ல சாஞ்சா. ஒண்ணும் ஆகலை.

"சரியாப் போச்சா கண்ணு?"

"போச்சுன்னுதான் நினைக்கிறேன்."

கொடியில துணி எடுக்க வாசலுக்கு வந்தா. டமார். எதிர்ல ஆளே இல்ல. ரெண்டு ரப்பர் செருப்பு மட்டும் கெடந்துச்சு. அவ நெத்தி சரியா நீல வாரு மேல.

படுத்த வாக்குல அதையே பாத்தா. அப்பா செருப்புல வாரு அந்து போயி ஊக்கு குத்தியிருக்கும். இதுல ஊக்கு இல்ல.

"அப்பா, இது யாரு செருப்புங்க?"

"ஏன், என்னுதுதான். இல்லியா?" அவரு எட்டிப் பாத்தாரு. "அட, மண்டபத்துல மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன் போல. எல்லாம் ஒரே மாதிரி கெடந்துச்சு கண்ணு."

சுகிர்தா எந்திரிச்சு தூரமா நின்னு, வெளக்கமாத்துக் கட்டையால செருப்பை இடது பக்கம் தள்ளுனா. வலது காலு இடது பக்கமாத் திரும்புச்சு. வலது பக்கம் தள்ளுனா. காலு வலது பக்கம் திரும்புச்சு. தீனி வண்டியைப் பாக்கற கோழி மாதிரி அந்தக் காலு செருப்பையே பாத்துட்டு நின்னுச்சு.



இருட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஸ்கூட்டர் சத்தம். வந்தது பிரகதீஷ். அறக்கட்டளை சர்வீஸ் சென்டர் இன்ஜினியர். சுகிர்தா காலுக்கு அவருதான் எண்ணெய் போடுவாரு, சாஃப்ட்வேர் ஏத்துவாரு. கையில போன் கீ கீன்னு கத்திட்டு இருந்துச்சு. வீட்டுக்காரங்களைப் பாத்து ஒரு வார்த்தை பேசலை. நேரா வந்து செருப்பைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு.

"தங்கமே, இங்கயா இருக்க!"

"பிரகதீஷ் அண்ணா, அது ஐயா செருப்பா?"

"ஐயா செருப்பா? எந்த ஐயா? நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்மா."

சுகிர்தா தள்ளி நின்னே வெளக்கமாத்தை ஓங்குனா. "உண்மையைச் சொல்லுங்க. இல்லாட்டி இதை அப்பாகிட்டக் குடுத்து பஸ் ஸ்டாண்டு நடுவுல வெச்சுட்டு வரச் சொல்லிருவேன்."

பிரகதீஷுக்கு வேர்த்துருச்சு. மனசுல இருக்கிறதை யார்கிட்டயாவது கொட்டணும்னு ரொம்ப நாளாக் காத்துட்டு இருந்தவரு போல, ஒரு தடவை சுத்தி முத்தியும் பாத்துட்டு படியில உக்காந்துட்டாரு.

"வலது செருப்புக்குள்ள ஒரு சின்ன மெஷின் இருக்குமா. அது 'இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னு சொல்லிட்டே இருக்கும். பக்கத்துல வந்தா உங்க காலுக்கு அது கேக்கும். கேட்டா மடங்கும். அவ்வளவுதான். மொதல்ல இது கோழிக்குக் கண்டுபிடிச்சது. தீனி வண்டி வர்றப்ப கோழி எல்லாம் ஒரே பக்கமாத் திரும்பி நிக்கணும்னு. ஐயா அதைப் பாத்தாரு. 'தம்பி, இது கோழிக்கு மட்டும்தானா?'ன்னாரு. அவ்வளவுதான் கேட்டாரு. வேற ஒரு வார்த்தை சொல்லலை."

"அப்போ நான் தடுக்கி விழலையா?"

"நீ ஒரு தடவை கூடத் தடுக்கலம்மா. உன் பேலன்ஸ் சூப்பர்."

சுகிர்தாவுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அறையணும் போலவும் இருந்துச்சு. "இவரு மட்டும்தானா?"

"அது ஒரு சங்கமே இருக்கு. வள்ளல்கள் சங்கம். பல் செட்டு இலவசமாக் குடுத்தாரே ஒருத்தரு, அதுவும் நாங்க பண்ணதுதான். அவரைப் பாத்தா பல் செட்டு தானாச் சிரிக்கும். எளவு வீட்டுக்கு அவரு வந்தா நாங்க முன்னாடியே போயி எல்லாத்தையும் ஆஃப் பண்ணணும். காது மெஷின் குடுத்தவரு ஒருத்தரு. அவரு பேச்சுன்னா சத்தம் ஏறும், அவரைத் திட்டுனா எறங்கும்." பிரகதீஷ் குரலைத் தாழ்த்துனாரு. "நாளைக்கு ஐயா கால்காரங்க எல்லாம் கூடற கால் திருவிழால, அடுத்ததா பேஸ்மேக்கர் குடுக்கலாமான்னு முடிவு பண்றாங்க. வள்ளலைப் பாத்தா இதயம் கொஞ்சம் வேகமாத் துடிக்கணுமாம். பரவசமா."

சென்னியப்பன் வாயைத் தொறந்தாரு. "துடிச்சு நின்னுட்டா?"

"அதைத்தாங்க நானும் கேட்டேன். 'அந்தப் பரவசத்துல போனா மோட்சம்தானே'ன்னாங்க."



"செருப்பு எப்படி மாறுச்சு?"ன்னு சுகிர்தா கேட்டா.

"தாலி எடுத்துக் குடுக்க ஐயாவை மணமேடைக்குக் கூப்பிட்டாங்க. செருப்போட ஏற முடியுமா? கழட்டி வெச்சுட்டு ஏறுனாரு. எறங்கி வந்து உங்கப்பா செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டாரு. நேரா முதியோர் இல்லம் விசிட்டு. அங்க பாதிப் பேரு நம்ம காலுதான். ஒரு ஆளு விழலை. எல்லாரும் 'வாங்க'ன்னு உக்காந்துட்டே சொன்னாங்களாம். ஐயாவுக்கு அங்கயே குளிர் ஜுரம் வந்துருச்சு. போதாதுக்கு ஊக்கு வேற குத்தி ரத்தம்."

"அடப் பாவமே"ன்னாரு சென்னியப்பன். நெஜமாவே வருத்தப்பட்டாரு.

"அப்போ நாளைக்கு இந்த மெஷின் வேலை செய்யலைன்னா?"

பிரகதீஷ் அவளை ஒரு மாதிரியாப் பாத்தாரு. "மேடையில யாரும் விழமாட்டாங்க. இத்தனை நாள் விழுந்தது மனுசங்க இல்ல, காலுதான்னு எல்லாருக்கும் புரிஞ்சிரும். சங்கத்துக்காரங்க முன் வரிசையில இருப்பாங்க. பேஸ்மேக்கர் திட்டம் அங்கயே படுத்துரும். ஆனா பண்ணது நீதான்னு தெரிஞ்சா, ஆபீஸ்ல ஒரு பட்டன் இருக்குமா. அமுக்குனா உன் காலு வெறும் கட்டை. மறுபடியும் கக்கட்டைதான்."

"உங்களுக்கு?"

"எனக்கு வீட்டுல கைக்கொழந்தை இருக்கு. நான் எதையும் பாக்கலை." எந்திரிச்சாரு. செருப்பை வாசல் திண்டு மேல வெச்சாரு. "நான் சித்தெ வெளிய போயி போன் பேசிட்டு வர்றேன். அதுக்குள்ள யாராவது ஏதாவது பண்ணா எனக்குத் தெரியாது." வெளிய போனவரு தலையை மட்டும் உள்ள நீட்டுனாரு. "பெருவிரல் பக்கம் இருக்கும்." மறுபடியும் போனாரு. மறுபடியும் தலை வந்துச்சு. "சாக்குத் தைக்கிற கோணூசி இருந்தா சுலபமா வரும். நான் ஒண்ணும் சொல்லலை."

சுகிர்தாவால செருப்புக் கிட்டப் போக முடியாது. போனா விழணும். "அப்பா, நீங்கதான் எடுக்கணும்."

சென்னியப்பன் செருப்பைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "வேண்டாம் கண்ணு. காலு குடுத்த மனுசன்."

"காலைக் குடுத்துட்டு முட்டியை அவரே வெச்சுக்கிட்டாருங்கப்பா."

"விழுந்தா என்ன இப்போ? விழுந்துட்டு எந்திரிச்சுக்கலாம். நான் எத்தனை பேரு கால்ல விழுந்திருப்பேன் உன் காலுக்காக. நான் என்ன தேஞ்சா போயிட்டேன்?"

"நீங்களா விழுந்தீங்க. நான் விழல. என்னை விழ வெச்சாங்க. இன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல உங்க பக்கத்துல கூட என்னால நடக்க முடியலை."

அதைக் கேட்டதும் அவரு கோணூசியை எடுத்தாரு. முந்திரிப் பருப்பை நெய்யில இருந்து எடுக்கற மாதிரி நாசூக்கா ரப்பரைக் கிளறி, பொட்டு அளவுக்கு இருந்த பேட்டரியை வெளிய எடுத்து அவ உள்ளங்கையில வெச்சாரு. அவ அவரு பக்கத்துல வந்து நின்னா. காலு மடங்கலை.

காலையில மண்டபம் நெரம்பி வழிஞ்சுச்சு. வாசல்ல 'கால் தந்த தெய்வமே'ன்னு ஃப்ளெக்ஸு. ஐயா கால் வாங்குனவங்க எல்லாரும் கட்டாயம் வரணும். வருசா வருசம் மேடையில ஐயா கையால ஒரு தட்டு தட்டுனாத்தான் காலு அடுத்த வருசத்துக்கு ஓடும். முன் வரிசையில வள்ளல்கள் சங்கம். பல் செட்டு வள்ளல் எந்தப் பக்கம் திரும்புனாலும் அந்தப் பக்கத்துக் கிழவங்க எல்லாம் ஈன்னு இளிச்சாங்க. ஒருத்தரு தன்னோட மருமகனைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டே இளிச்சாரு. மருமகன் பயந்துட்டான்.

ஐயா வந்தாரு. கதர், வேட்டி, பிரகதீஷ் திருப்பிக் கொண்டுபோயிக் குடுத்த ரப்பர் செருப்பு. கட்டை விரல்ல மட்டும் ஒரு சின்னக் கட்டு. சுகிர்தாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. பேஸ்மேக்கரே இல்லாமத்தான்.

"நான் யாரையும் என் கால்ல விழச் சொன்னதே இல்லீங்க"ன்னு ஐயா மைக்ல ஆரம்பிச்சாரு. "ஏன் விழறீங்கன்னு நானே வருத்தப்படறேன். ஆனா அது அவங்க மனசு. மனசை நாம தடுக்க முடியுங்களா?"

முன் வரிசை கை தட்டுச்சு.

மொதல்ல மேடை ஏறுனது கண்டக்டர் குழந்தைவேலு, அவருக்கும் ஐயா கால்தான். ஐயா முன்னால போயி நின்னாரு. நின்னாரு. நின்னுட்டே இருந்தாரு. முட்டி மடங்கலை. ஐயா ஆசீர்வாதம் பண்ணக் கைய இடுப்பு உயரத்துக்கு நீட்டிட்டாரு, தலை எப்பவும் அங்கதானே வரும். கை அந்தரத்துல நின்னுச்சு. குழந்தைவேலு குனிஞ்சு தன்னோட முட்டியைப் பாத்தாரு. மாட்டிக்கிட்ட டிக்கெட் மெஷினைத் தட்டற மாதிரி அதை லேசா ரெண்டு தட்டுத் தட்டுனாரு. ஒண்ணும் ஆகலை.

மண்டபமே அடங்கிப் போச்சு. நாதஸ்வரக்காரரு கூட வாயில இருந்து எடுத்துட்டாரு. வரிசையில நின்ன சுகிர்தா பேட்டரியை உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சா. இப்போ. இப்போ எல்லாருக்கும் தெரியப் போகுது.

குழந்தைவேலு ஐயா மூஞ்சியைப் பாத்தாரு. முன் வரிசையைப் பாத்தாரு. கூட்டத்தைப் பாத்தாரு. "மன்னிச்சுக்குங்கய்யா, காலு ஏதோ மக்கர் பண்ணுது"ன்னாரு. ரெண்டு கையாலயும் தன்னோட அந்த மக்கர் காலைப் பிடிச்சு மடக்கி, மெதுவா உக்காந்து, நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு.

அடுத்து வந்த தையல் கடை அக்கா, தன்னோட காலு மடங்குதா இல்லியான்னு பாக்கவே இல்ல. வந்ததும் விழுந்துருச்சு. அதுக்கடுத்த ஆளு எதுக்கும் இருக்கட்டும்னு படியிலயே விழுந்து ஊந்துட்டே வந்தாரு. ஒரு பெரியவரு ஐயா கால்ல விழுந்துட்டு, பக்கத்துல நின்ன மைக் செட்டுப் பையன் கால்லயும் ஒரு தடவை விழுந்து வெச்சாரு.

ஓரமா நின்ன பிரகதீஷ் சுகிர்தா காதுல கிசுகிசுத்தாரு. "பேட்டரியை ஒழுங்கா எடுத்தீங்களா?"

"கையில இருக்குங்கண்ணா."

"அப்புறம் எப்படிம்மா விழறாங்க?"

"நீங்கதானே இன்ஜினியரு!"

முன் வரிசையில, பேஸ்மேக்கர் குடுக்கப் போற வள்ளல் பக்கத்து ஆளைத் தொடையில தட்டுனாரு. "மெஷின் என்னமா வேலை செய்யுது பாத்தீங்களா? நேத்து கோளாறுன்னு சொன்னாங்க, இன்னைக்கு முன்னையை விட ஜோரா இருக்கு. ஆர்டர் போட்டுருங்க!"

சுகிர்தாவோட முறை வந்துச்சு.

நிக்கணும். அவ்வளவுதான். சும்மா நிக்கறதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம். ஒருத்தி நின்னாப் போதும், பின்னால வர்றவங்க நிப்பாங்க. அப்பா கூட்டத்துல எங்கயோ நின்னு பாத்துட்டு இருப்பாரு. அவ ஐயா முன்னால போயி நின்னா.

ஐயா முறைக்கலை. லேசாச் சிரிச்சாரு. "வா கண்ணு"ன்னாரு, அப்பா கூப்பிடற மாதிரியே. கைய நீட்டுனாரு.

ஒரு முட்டி மடங்குச்சு.

வலது காலு மடங்கலை. ஐயா குடுத்த காலு, கோழிக்குக் கண்டுபிடிச்ச காலு, செவப்பு எழுத்துல உபயம் போட்ட காலு, கரண்டு கம்பம் மாதிரி நட்டுக்குத்தலா நின்னுச்சு. மடங்குனது இடது. ஒரு காலு விறைச்சுட்டு நிக்க, ஒரு காலு கும்புட, அவ அப்படியே ஒரு சுத்துச் சுத்தி, ஒடைஞ்ச குடை மாதிரி பக்கவாட்டுல சரிஞ்சு ஐயா செருப்புக்குப் பக்கத்துல போயி விழுந்தா. மண்டபத்துல சிரிப்பு. பல் செட்டுக்காரங்க முன்னாடியே சிரிச்சுட்டு இருந்ததால அவங்க சிரிச்சது யாருக்கும் தெரியலை.

"அடடா"ன்னாரு ஐயா. குனிஞ்சு அவ வலது முட்டியை ஒரு தட்டுத் தட்டுனாரு, அடுத்த வருசத்துக்கும் ஓடட்டும்னு. "இந்தக் காலுதான் கோளாறு பண்ணுது போல. தம்பி பிரகதீஷ், புள்ளையை ஓரமாக் கூட்டிட்டுப் போயி இதைக் கழட்டிப் பாருங்க."

பிரகதீஷ் அவளைத் தூக்கி ஓரமா உக்கார வெச்சாரு. பையில இருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாரு. அவ அவரு கையைப் பிடிச்சுத் தள்ளிவிட்டா.

"அது நல்லா இருக்குங்கண்ணா. அதைத் தொடாதீங்க."

இடது முட்டியைத் தடவிப் பாத்தா. அது இன்னும் நடுங்கிட்டு இருந்துச்சு. பொறந்ததுல இருந்து கூடவே வந்த காலு. ஒரு ஒயர் இல்ல, பேட்டரி இல்ல, எந்த வள்ளல் பேரும் எழுதலை.

"இதைக் கழட்டிப் பாக்க முடியுமாண்ணா? இதுக்குள்ள யாரு, எப்போ, என்னத்தைங்கண்ணா வெச்சாங்க?"